இமயமலையின் மண் விகாரைகள்

கட்டடக்கலை என்றதும் எம்மிற் பலருடைய மனக்கண்முன் எழுவது கருங்கல்லே. மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்தில் ஐரோப்பியத் தேவாலயங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தோம். வீட்டுக்கு வந்தாற் சோழர் கோயில்களின் பெருமையைப் பெரியோர் சொல்லக் கேட்டோம். இரண்டும் கல்லின் புகழே. மண்ணைக் குழைத்து எழுப்பிய கோயிலொன்று ஆயிரம் ஆண்டு நிற்கும் என்று எவரேனும் அன்று கூறியிருந்தால் நாம் நகைத்திருப்போம்.

அத்தகைய கோயில் உண்டு. இந்தியாவின் இமாசலப் பிரதேசத்திலே, ஸ்பிட்டி ஆற்றின் பள்ளத்தாக்கில், 10,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் தாபோ என்னும் சிற்றூர் இருக்கின்றது. மேற்குத் திபெத்தின் அரச குலத்தவராய்ப் பிறந்து துறவு பூண்ட யேஷே ஓ என்பவர் 996ஆம் ஆண்டில் இங்கு விகாரை அமைத்தார். 46 ஆண்டுகளின் பின் அவர் மரபில் வந்த ஜாங்சுப் ஓ அதனைப் புதுக்கினார் என்பதை உட்சுவரில் எழுதப்பட்ட திபெத்தியச் சாசனம் கூறுகின்றது.

புறத்தே நின்று பார்ப்பவர் ஏமாறுவர். வெயிலில் உலர்த்திய மண்கற்களாலான தடித்த சுவர்கள்; அடியில் அகன்று மேலே ஒடுங்குவன. தட்டையான கூரை. சாளரம் என்று சொல்லத்தக்கது அரிது. ஆனால் உள்ளே புகுந்து, கூரைத் திறப்பின் வழியே இறங்கும் வெளிச்சத்துக்குக் கண் பழகியதும், நாற்றிசையும் நோக்கிய வைரோசன புத்தர் நடுவே தோன்றுவார். சுவர்களைச் சுற்றி ஆளுயர மண் திருவுருவங்கள் முப்பதுக்கு மேல் உள்ளன. பின்புறம் கருவறையும் அதனை வலம்வரும் வழியும் அமைந்திருப்பதைக் காணும் எமக்கு அந்நிய இடத்தில் நிற்பதாகவே தோன்றாது. சுதனன் என்னும் இளைஞன் மெய்ஞ்ஞானம் தேடிக் குருமாரிடம் சென்ற யாத்திரையும் புத்தரின் வரலாறும் மண்பூச்சின்மேல் வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன. சுவரும் மண், உருவமும் மண், ஓவியத்தின் தளமும் மண்.

இதே மலைநாட்டு மரபில் லடாக்கின் அல்சியில் எழுந்த மூன்றடுக்குக் கோயிலிலே காஷ்மீரக் கலைஞரின் கைவண்ணத்தைக் காணலாம். பிற்காலத்து விகாரைகளான கீ, திக்ஸே முதலியன சமநிலத்தை விட்டுக் குன்றேறின. காவலும் ஒரு காரணம். விளைநிலம் அருமையான நாட்டில் அதனை வீணாக்காமை மற்றொன்று. அவற்றின் உச்சியிற் செந்நிறக் கரைபோலத் தோன்றுவது வண்ணப்பூச்சு மட்டுமன்று. குச்சிகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி, வெட்டுமுனை வெளியே தெரியும்படி அமைத்து, செஞ்சாயம் ஏற்றுவர். மேற்சுவரின் பாரமும் குறையும். இது புனிதமான இடம் என்பதும் தொலைவிலிருந்தே விளங்கும்.

எனினும், இக்கலையின் உயிர்நிலை கூரையே என்பது எமது கருத்து. பொப்ளார் மர உத்தரங்களின் மேல் வில்லோ மரக்கொம்புகளை நெருக்கமாகப் பரப்பி, அதன்மேற் சருகும் புல்லும் இட்டு, மண்ணை மிதித்து இறுக்குவர். பருவமழையை மலைத்தொடர் மறித்துவிடுவதால் இது போதியதாயிற்று. பனி பெய்தால் மேலேறித் தள்ளவேண்டும். வெடிப்புக் கண்டால் மண் பூசவேண்டும். 1975 ஜனவரியில் நேர்ந்த கின்னௌர்ப் பூகம்பத்தில் தாபோ சேதமுற்றது. ஆயினும் பழைய மண்டபம் நிலைத்து நின்றது. பூகம்பத்தைத் தாங்கிய சுவரும் ஒழுக்கைத் தாங்காது. நீர் ஒரு கோடாக வழிந்தாற் போதும், ஓவியம் கரைந்து போகும்.

இப்பொழுதோ மழையே மாறிவருகின்றது. 2010 ஆகஸ்டில் லடாக்கின் லே நகரில் கொட்டிய பெருமழையும் வெள்ளமும் இருநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டன. சீமெந்தும் தகரமும் போதுமே என்பார் உளர். பனி தள்ளும் தொல்லையை அறியாத நாம் அவரை இகழ்தல் தகாது. இளைஞர் கல்வியும் தொழிலும் நாடி நகர் செல்லும் ஊரில் கூரை ஏறுவார் யார்? ஆயினும், சீமெந்துப் பூச்சு மண்சுவரின் ஈரத்தை வெளிவிடாது உள்ளேயே அடைத்துவிடும். கனத்த கூரையோ பூகம்பத்தின்போது பழஞ்சுவரை நெரிக்கும்.

பழைய முறையிலும் ஒரு பிழை நேர்வதுண்டு. ஒழுகுந்தோறும் மண்மேல் மண்ணாகப் போட்டுவர, தலைமுறை சிலவற்றிற் கூரை பெரும் பாரமாகி உத்தரங்கள் வளைகின்றன. ஆகவே, பழுதுபார்ப்போர் முதலிற் செய்வது பூசுதலன்று. பழைய மண்ணைக் கூடை கூடையாகக் கீழே இறக்குதல்.