வெள்ளிக்கிழமை மீனுக்கு எத்தனை மார்க்ஸ்?

எங்கட வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. மீன் சட்டி வியாழன் இரவே கழுவிக் கவிழ்த்து வைக்கப்படும். அப்படி வெள்ளவத்தையில் வளர்ந்த நான், தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், கொம்பனித்தெருவில் ஒரு கத்தோலிக்க ஆலய வளவில், பொரிச்ச மீன் பொதியோடு நின்றேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. கட்டுரை எழுதுவதற்காகச் சாப்பிட்டேன் என்று சொன்னால் மன்னிப்பா என்று நினைக்கிறேன்.

கூட்டிக்கொண்டு போனது என்ர கம்பஸ் நண்பி. அந்தத் தெருக்காரி, அந்த ஆலயத்துப் பிள்ளை. ஆலய இளைஞர்கள் கூரை திருத்தக் காசு சேர்க்கிறார்கள். அமெரிக்காவில் தவக்கால வெள்ளிகளில் பங்குகளில் மீன் பொரித்து விற்பதை யாரோ யூடியூப்பில் பார்த்திருக்கிறார்கள். அதே மாதிரி செய்தால் என்ன என்று தொடங்கியதுதான் இது.

முதலில் மார்க்ஸைச் சொல்லிவிடுகிறேன். மீன் பாரை. முள்ளை விட்டுச் சதை தானாகக் கழன்றது, 10க்கு 8. கட்டச் சம்பல் 9, கண்ணில் தண்ணி வந்தது. மேல்மாவில்தான் சண்டை. நான் 7 போட்டேன், அவள் 3 போட்டாள். "மீன் பொரியல் எண்டா மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு. இது என்னடி, மீனுக்குக் கம்பளி போர்த்தின மாதிரி?"

அந்தக் கம்பளி எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

வெள்ளிக்கிழமை இறைச்சியைத் தவிர்ப்பது கத்தோலிக்கரின் பழைய ஒறுத்தல். இயேசு சிலுவையில் இறந்த நாள் அது. மீன் மட்டும் ஏன் விலக்கு? 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவைனாஸ் சொன்ன காரணம், தரையில் வாழும் விலங்குகளின் இறைச்சிதான் நாவுக்கு அதிக இன்பமும் உடலுக்கு அதிக ஊட்டமும் தருகிறது என்பது. (அறக்குளாக் குழம்பு ஒருநாள் சாப்பிட்டிருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.) 1966இல் பாப்பரசர் ஆறாம் பவுல் இந்த விதியைத் தளர்த்தி, வேறு ஒறுத்தல்களை ஏற்கும் உரிமையை ஆயர்களுக்குக் கொடுத்தார். அதற்குள் வியாபாரமும் மாறியிருந்தது. 1962இல் சின்சினாட்டியில் ஒரு மக்டொனால்ட்ஸ் கடைக்காரர், வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர் பர்கர் வாங்க வராததால் மீன் சாண்ட்விச் போடத் தொடங்கினார். இன்றைய ஃபிலே-ஓ-ஃபிஷ் அதுதான்.

மாவில் தோய்த்துப் பொரிக்கும் முறையைப் போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். அதன் பெயர் இன்று தெம்புரா. அந்தப் பெயர் நோன்பு நாட்களைக் குறிக்கும் 'தெம்போராஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. தாளிதத்தைக் குறிக்கும் 'தெம்பெரோ'விலிருந்து வந்தது என்பது இன்னொன்று. இரண்டாவது சரியென்றால், கொழும்புச் சாப்பாட்டுக் கடைகளில் சிங்களத்தில் நாள்தோறும் காதில் விழும் 'தெம்பராது' தெம்புராவின் ஒன்றுவிட்ட சகோதரி.

அதே போர்த்துக்கேயர்தான் எங்கட கடலிலும் இருந்தார்கள். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள், போட்டியாளர்களிடமிருந்து பாதுகாப்புத் தேடி ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிறகு 1542இல் பிரான்சிஸ் சேவியர் அவர்களிடம் வந்தார். மன்னார்க் கரை மக்களும் அவரை அழைத்தார்கள். அவர் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களை 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்லுவித்தான். சுமார் 600 பேர் என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. சேவியர் 1549இல் ஜப்பானில் போய் இறங்கினார்.

நண்பியின் அம்மம்மா மன்னார்க்காரி. அதனால் அந்த 600 பேர் எனக்குப் பாடப்புத்தக எண்ணாகத் தெரியவில்லை.

பிறகு ஒல்லாந்தர். அவர்களுடைய கொம்பனி 1658இல் கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பதை மரண தண்டனைக் குற்றமாக்கியது. கோவாவிலிருந்து 1687இல் வந்த யோசேப் வாஸ் அடிகள் கூலிக்காரனைப் போல வேடமிட்டுத்தான் கரையிறங்கினார். அந்தக் கொம்பனி தன் அடிமைகளைக் குடிவைத்த இடம் இந்தத் தெருப்பக்கம்தான். ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்ற பெயர் அதனால் வந்தது. கத்தோலிக்கர் மீதான தடைகள் பிரித்தானியர் காலத்தில், 1806இல் நீங்கின. யோசேப் வாஸை 2015 ஜனவரி 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக்கியது காலிமுகத்திடலில். நாங்கள் மீன் தின்ற இடத்திலிருந்து நடந்து போகிற தூரம்.

இவ்வளவையும் வாசித்த பிறகு ஒரு விஷயம் உறுத்தியது. மேசையில் இறைச்சி இருக்கிறவர்களுக்குத்தான் மீன் ஒறுத்தல். இங்கே திருச்சபைக்கு முதலில் வந்தவர்களோ மீன் பிடிக்கிறவர்கள். நாளும் பொழுதும் மீன் தின்கிற வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் தின்பது என்ன ஒறுத்தல்?

பதில் நண்பியின் வீட்டிலேயே இருந்தது. அம்மம்மாவுக்கு என்று ஒரு பொதி வாங்கிக்கொண்டு போனோம். அவ கையில் வாங்கவில்லை. "தவக்காலத்தில மீன் பொரிச்சு விக்கிறாங்களோ? அதுவும் கோயில் வளவிலயோ?" சாம்பல் புதன் தொடங்கி உயிர்த்த ஞாயிறு வரைக்கும் அவ மச்சம் தொடுவதில்லை. பருப்பு, கீரை, வெள்ளிக்கிழமையில் ஒரு நேரம் கஞ்சி. இப்படி இருக்கிற கத்தோலிக்க வீடுகள் எங்கட ஆட்களுக்குள் நிறைய என்று பிறகுதான் கேட்டறிந்தேன். ரோமாபுரி மீனுக்குச் சலுகை கொடுத்தது. இவர்கள் அந்தச் சலுகையை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சைவக்காரரைப் பார்த்து வந்த பழக்கமோ, எதை விட்டால் நோகுமோ அதை விடுவதுதான் ஒறுத்தல் என்ற கணக்கோ, இரண்டும் கலந்ததோ. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

"உங்கட அம்மா வெள்ளிக்கிழமையில சமைப்பாவோ பிள்ளை?" என்று என்னைக் கேட்டா.

"மரக்கறிதான் அம்மம்மா."

"ம்ம். அவ சரி." எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நண்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

பொதி மேசையில் இருந்தது. கொஞ்ச நேரம் போக, அம்மம்மா கிட்ட வந்து விரல் நகத்தால் மாவை ஒரு ஓரத்தில் உரித்துப் பார்த்தா. குனிந்து மணந்தா.

"பாரை. பழசில்லை. துண்டுதான் மெல்லிசு, எண்ணெயும் காயமுந்திப் போட்டிட்டாங்கள்."

வாயில் வைக்காமலே போட்ட மார்க்ஸ். என்ர 7ஐ 5 ஆக்கிவிட்டேன்.