போயிங் போச்சு, பாய் வந்தது!

சியாட்டில், 1971. போயிங் விமானக் கம்பெனியில் கொத்துக் கொத்தாக ஆட்குறைப்பு. 1967-ல் அங்கே லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். இப்போது நாற்பதாயிரம்கூட இல்லை. 'கடைசியாக ஊரைக் காலி செய்கிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும்' என்கிற பாணியில் குறும்புக்காரர்கள் விளம்பரப் பலகையே வைத்தார்கள்!

வேலை இழந்த இன்ஜினீயர்கள் ஜிம் லீ, நீல் ஆண்டர்சன். கூடவே மலையேறும் நண்பர் ஜான் பர்ரோஸ். மலையில் படுக்க உருப்படியாக ஒரு பாய் இல்லையே என்பது அவர்கள் எரிச்சல்.

குளிர் மேலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறோம். ராத்திரி முழுக்க உடம்புச் சூட்டை உறிஞ்சுவது தரை! ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் நம் எடையில் நசுங்கிவிடும், பிரயோஜனமில்லை. காற்றடைத்த மெத்தை? சுகம்தான். ஆனால், உள்ளே காற்று சுழன்று சூட்டைத் தரையிடம் கொடுத்துவிடும். கெட்டி ஃபோம் பாய் சூட்டைக் காக்கும், இடுப்பெலும்பைக் காக்காது.

லீ ஒருநாள் தோட்டத்தில் ஃபோம் திண்டின் மேல் மண்டியிட்டார். புஸ்ஸென்று காற்று வெளியேறியது. பிடித்தார் பாயின்ட்டை! ஃபோமைச் சுற்றி, காற்றுப் புகாத நைலான். ஓரத்தில் ஒரு வால்வு. திறந்தால் ஃபோம் விரிந்து தானே காற்றை இழுக்கும். மூடினால், துளைகளுக்குள் சிக்கிய காற்று அசையாது.

1972-ல் 'கேஸ்கேட் டிசைன்ஸ்' பிறந்தது. பாய்க்குப் பெயர், தெர்ம்-எ-ரெஸ்ட்.

2009-ல் அதே கம்பெனி ஃபோமையே தூக்கிவிட்டு, சூட்டைத் திருப்பியனுப்பும் பளபளப் படலத்தை உள்ளே வைத்தது. எடை சுமார் 400 கிராம்! ஆனால், ஊதித்தான் நிரப்பணும். முள் குத்தினால் அம்பேல். அதற்குப் பயந்தே பலர் இன்றும் பழைய கெட்டி ஃபோமை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறுகிறார்கள்.