கடற்படமும் மைசூர் மேட்டுநிலமும்

மைசூரில் கடல் இல்லை. சாமுண்டி மலையின் உச்சியில் நின்று எத்திசை நோக்கினும் நிலமே தெரிகிறது. நாகையிலும் தூத்துக்குடியிலும் அலையோசை கேட்டு வளர்ந்து, உத்தியோகத்தின் பொருட்டு இங்கே குடியேறிய நம்மிற் பலருக்கு அது ஒரு குறையே. ஆயினும், நம் கடற்கரைகள் எங்கே இருக்கின்றன என்பதைத் திருத்திச் சொன்ன பெருமையில் இம்மேட்டுநிலத்திற்கும் பங்குண்டு.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த போரில் கலந்துகொண்ட வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி, தீபகற்பம் முழுவதையும் முக்கோணங்களால் அளக்க எண்ணினார். 1802-இல் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியிட்டு அளந்தார். பின்பு குன்றுக்குக் குன்று கோணம் பார்த்துக்கொண்டே மைசூர் நாட்டின் ஊடாக மங்களூர்க் கரையை எட்டினார். கண்ட முடிவு யாது? பழைய படங்களில் சுமார் 400 மைலாக இருந்த கரைக்குக் கரை தொலைவு, உண்மையில் 360 மைலே! இல்லாத நாற்பது மைல் நிலத்தை அதுவரை படங்கள் சுமந்து வந்தன. மாலுமிக்கு இது வெறுங் கணக்கன்று. கரை இடம் பிசகினால், அதனையொட்டிக் குறித்த பாறையும் மணல்திட்டும் உடன் பிசகும்.

இடம் சரியானாலும் குறி விளங்கவேண்டுமே! ஒவ்வொரு நாடும் தன் மனம்போல் குறியிட்டு வந்தது. 1921-இல் மொனாக்கோவில் நிறுவப்பெற்ற சர்வதேச நீர்ப்பரப்பு அளவை நிலையம் இவற்றை ஒருமைப்படுத்த முயன்றது. வெறும் கூட்டற்குறி, ஆழம் அறியப்படாத ஆபத்தான நீரடிப் பாறை. அதன் நான்கு மூலைகளிலும் புள்ளியிருப்பின், தாழ்ந்த நீர்மட்டத்தோடு தலை ஒக்கும் பாறை. மொழிபெயர்ப்பே தொழிலாகிய நமக்குப் பொறாமை உண்டாக்கும் மொழி இது, பெயர்க்கவே வேண்டுவதில்லை.

எண்களில்தான் சங்கடம். நம் மீனவர் இரு கைகளையும் விரித்து அளக்கும் 'பாகம்' ஆறடி. ஆங்கிலேயர் படங்களிலும் ஆழம் அவ்வளவையிலேயே இருந்தது. பின்னர் மீட்டர் வந்தது. ஐந்து பாகம் முப்பது அடி. ஐந்து மீட்டரோ பதினாறரை அடிக்கும் குறைவு. இருபது அடி நீரில் அமிழும் கப்பல், படத்தின் ஓரத்தில் அச்சிட்ட அலகைப் பாராது சென்றால் தரைதட்டுவது திண்ணம்.

கல்கத்தாவில் 1874-இல் தோன்றிய இந்தியக் கடலளவைத் துறை, 1954-இல் டேராடூனுக்குப் பெயர்ந்தது. அதுவும் மைசூரைப் போலக் கடல் காணாத ஊரே! அங்கு இன்று மின்னணுப் படங்களும் ஆயத்தமாகின்றன. தாளில் இருந்த அச்சிறு கூட்டற்குறி, கப்பல் தளத்துத் திரையிலும் இன்று மாலுமியை எச்சரித்துக்கொண்டிருக்கிறது.