காய்ச்சலுக்கு முன்னம் வந்த பசி: 1934-35 மலேரியா சொல்லித்தருவது

கொரோனா காலத்தில் நாங்கள் எல்லாரும் கேட்டுச் சலித்த கேள்வி ஒன்று இருக்கிறது. உயிரா, பொருளாதாரமா? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும், பிறகு தொழிற்சாலைகளைத் திறக்கிறதா விடுகிறதா எண்டு கதைத்தபோதும், தராசின் ஒரு தட்டில் நோயையும் மற்றத் தட்டில் உழைப்பையும் வைத்துத்தான் பேசினோம். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்பதை யாரும் கேள்வி கேட்கவில்லை.

இந்தத் தராசு சரியானதுதானா? இதை யோசிக்க எங்கள் தீவிலேயே ஒரு பழைய அனுபவம் இருக்கிறது: 1934-35 மலேரியா. அது உலகம் முழுக்கப் பரவிய தொற்று அல்ல, தீவின் சில மாவட்டங்களைத் தாக்கிய கொள்ளைநோய். ஆனால் அது வந்த நேரம் முக்கியமானது. உலகப் பொருளாதார மந்தத்திலிருந்து இலங்கை மெல்ல எழும்பத் தொடங்கிய நேரம் அது.

முதலில் நோயின் கதை. 1934 இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயா, மகா ஓயா, களனி கங்கை போன்ற ஆறுகள் ஓட்டம் நின்று குட்டை குட்டையாகத் தேங்கின. வெயில் படும் தெளிந்த குட்டைத் தண்ணீர்தான் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்புக்குப் பிடித்த இடம். வழமையாக ஆறு பாய்ந்து குடம்பிகளை அடித்துக்கொண்டு போய்விடும், அந்த முறை அது நடக்கவில்லை. வன்னியிலும் அனுராதபுரத்திலும் மலேரியா எப்போதும் இருந்தது. அங்கே சிறுவயதிலிருந்தே காய்ச்சல் கண்டு வளர்ந்த ஆக்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. கேகாலை, குருநாகல் பக்கத்துச் சனத்துக்கு அது இல்லை. 1934 கடைசியில் தொடங்கிய நோய், 1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. அப்போது இலங்கையின் மொத்தச் சனத்தொகை சுமார் 55 இலட்சம்தான். செத்தவர்களில் குழந்தைகள் ஏராளம்.

ஏன் இவ்வளவு பேருக்குக் காய்ச்சல் வந்தது என்பதற்கு நுளம்பு பதில் சொல்லும். ஏன் இவ்வளவு பேர் செத்தார்கள் என்பதற்கு நுளம்பு மட்டும் பதில் இல்லை.

அந்த மாவட்டங்கள் தென்னையையும் இறப்பரையும் நம்பியிருந்தவை. 1929 க்குப் பிறகு இரண்டின் விலையும் விழுந்தது. கொப்பரா விற்ற சிறு காணிக்காரர், பால் வெட்டப் போன கூலிக்காரர், எல்லார் கையிலும் காசு வற்றியது. பிறகு வரட்சி வந்து வயலையும் கெடுத்தது. ஆனால் அதே காலத்தில் மேலே மீட்சி தொடங்கியிருந்தது. 1933 இல் தேயிலைக்கும் 1934 இல் இறப்பருக்கும் சர்வதேச உற்பத்திக் கட்டுப்பாட்டு ஒப்பந்தங்கள் வந்தன. உற்பத்தியைக் குறைத்து விலையைத் தூக்குவதுதான் அதன் வழி. விலை ஏறினால் தோட்ட முதலாளிக்கு இலாபம். உற்பத்தி குறைந்தால் கூலிக்காரருக்கு வேலை நாள் எங்கே கூடும்? கணக்குப் புத்தகத்தில் மீட்சி, கிராமத்தில் பட்டினி. இரண்டும் ஒரே வருடத்தில் நடந்தன.

இங்கே கவனிக்கவேண்டிய ஒரு ஒப்பீடு இருக்கிறது. நோய் பரவிய பகுதிகளில் இருந்த தோட்டங்களில், சுற்றியிருந்த கிராமங்களை விட இறப்பு குறைவாக இருந்தது. காரணம் தோட்டத்துரையின் நல்ல மனசு அல்ல. தோட்டங்களில் மருத்துவ வசதி இருக்கவேண்டும் என்று 1912 இலேயே சட்டம் வந்திருந்தது. 1927 சட்டம் இந்தியத் தமிழ்த் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வழி செய்தது. தோட்டத்தில் அரிசியும் கொடுபட்டது. மந்த காலத்தில் அந்தச் சம்பளமும் வெட்டப்பட்டது, பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. இருந்தவர்களை உயிரோடு வைத்திருந்தது உழைப்பு தேவைப்பட்ட கணக்குத்தான். ஆனாலும் அரைகுறையான அந்த அரிசியும் மருந்தும்கூட உயிர்களைக் காப்பாற்றின. கிராமத்தவருக்கு அதுவும் இருக்கவில்லை.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. குயினைன் கொடுத்தது, தற்காலிகச் சிகிச்சை நிலையங்களைத் திறந்தது, நிவாரண வேலைகளையும் தொடங்கியது. ஆனால் நிவாரணம் கூலி வேலையாக வரும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. நடுக்கக் காய்ச்சலில் கிடக்கிறவர் எப்படி மண்வெட்டி பிடிப்பார்? நிவாரண ஆணையாளராக இருந்த நியூன்ஹாமின் அறிக்கையின் தலைப்பே நோயினாலும் உணவுத் தட்டுப்பாட்டாலும் வந்த துயர் பற்றியது. அரசாங்க அறிக்கையின் தலைப்பிலேயே இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

இதைக் களத்தில் விளங்கிக்கொண்டவர்கள் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள். டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் அவர்களோடு நின்றவர்களும் கிராமங்களுக்குப் போய் மருந்தோடு சாப்பாட்டையும் கொடுத்தார்கள். போசாக்கில்லாத உடம்புக்கு மார்மைட்டையும் மருந்தாகக் கொடுத்தார்கள். பருப்புப் பகிர்ந்த என். எம்முக்குச் சனம் வைத்த பெயர் 'பருப்பு மாத்தையா'. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. அடுத்த வருட அரசாங்க சபைத் தேர்தலில் என். எம். ருவன்வெல்லவிலும் பிலிப் குணவர்தன அவிசாவளையிலும் வென்றார்கள். இரண்டும் மலேரியா அடித்த பிரதேசத்துத் தொகுதிகள்.

மலேரியா அதோடு முடியவில்லை. 1946 இல் தொடங்கிய டிடிரி தெளிப்புக்குப் பிறகு நோய் சுருங்கி, 1963 இல் தீவு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே பதிவானது. கவனம் தளர்ந்தது. 1968-69 இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் திரும்பி வந்தது. உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவிக்க 2016 வரை போனது.

இப்போது அந்தத் தராசுக்குத் திரும்பலாம். 1934 இல் பொருளாதாரத்தைக் காப்பாற்றுவதற்காக யாரும் சுகாதாரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நடந்தது வேறு. மீட்சி எண்டால் ஏற்றுமதி விலை என்று மட்டும் எண்ணப்பட்டது, சோறு அந்தக் கணக்கில் வரவில்லை. அதனால் காய்ச்சல் வந்தபோது கிராமத்து உடம்பில் தாக்குப்பிடிக்கச் சக்தி இருக்கவில்லை. 2020 இல் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் கொடுத்தபோது, அந்தக் காசு எத்தனை நாளுக்குக் காணும் என்று கேட்டவர்கள் பொருளாதாரத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. நாட்கூலிக்காரர் வீட்டில் இருப்பாரா, வெளியே போவாரா என்பதை முடிவு செய்ததும் அந்தக் காசுதான். அடுத்த தொற்று வரும்போது உயிரா பொருளாதாரமா எண்டு யாராவது கேட்டால், யாருடைய பொருளாதாரம் எண்டு திருப்பிக் கேட்போம்.