பழி ஓரிடம், பழுது ஓரிடம்: லினக்ஸ் உலாவியின் வரலாறு

சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையில் பயணம் செய்தவர்களுக்கு மீன்சுருட்டி தெரிந்த ஊர்தான். அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரத்திற்கு அண்மையில் உள்ளது. சிதம்பரத்திலிருந்து ஜெயங்கொண்டம் செல்லும் சாலையும் இவ்வூரின் வழியே செல்கின்றது. இங்கே, கும்பகோணத்திலிருந்து வரவேண்டிய பேருந்துக்காக நீங்கள் காத்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வரவில்லை. காரணம் என்ன? வண்டி புறப்படாமலே இருந்திருக்கலாம். அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடக்கத் தாமதமாகியிருக்கலாம். வந்த வண்டியின் பெயர்ப்பலகையை நீங்கள் படிக்கத் தவறியிருக்கலாம். எப்படியாயினும், நீங்கள் நிற்கும் நிழற்குடையின் மீது யாரும் பழி சொல்வதில்லை.

கணிப்பொறியில் மட்டும் நாம் அப்படிச் சொல்லிவிடுகிறோம்! லினக்ஸ் இயங்கும் கணிப்பொறியில் ஒரு வலைப்பக்கம் திறக்கவில்லை என்றால், "லினக்ஸ் என்றாலே இப்படித்தான்" என்று முடிவு கட்டி எழுந்துவிடுகிறோம். இது சிறிய செய்தியன்று. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸுடன் 'பாஸ்' என்னும் லினக்ஸும் இடம்பெற்றது. இது சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அத்தகைய கணினி ஒன்றை வைத்திருக்கும் வீட்டில், உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளன்று பக்கம் திறக்காவிட்டால் இழப்பு எவ்வளவு! பழுது எங்கே என்று அறியாததால் நல்ல கணினியைப் பரண்மேல் போட்டுவிடுவதும் உண்டு.

உண்மையில் பழுது எங்கே இருக்கின்றது? அதை அறிய வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

பிறந்த வீடு

உலகளாவிய வலை பிறந்ததே யூனிக்ஸ் குடும்பத்தில்தான். ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ஆம் ஆண்டின் இறுதியில் முதல் உலாவியை எழுதினார். உலாவி என்பது வலைப்பக்கத்தை வரவழைத்துத் திரையில் காட்டும் மென்பொருள். அவர் பயன்படுத்திய நெக்ஸ்ட் கணிப்பொறியின் இயக்குதளம் யூனிக்ஸ் வழி வந்தது. அடுத்த ஆண்டு, 1991-இல், ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் யூனிக்ஸைப் போன்றே இயங்கும் லினக்ஸை வெளியிட்டார். படங்களையும் எழுத்துகளையும் ஒரே பக்கத்தில் காட்டி வலையைப் பொதுமக்களிடம் கொண்டுசென்ற 'மொசைக்' உலாவியும் 1993-இல் முதலில் யூனிக்ஸ் கணிப்பொறிகளுக்கே வந்தது. விண்டோஸுக்குப் பின்னர்தான் வந்தது.

நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. அப்போது மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் கிடைத்தது 'ஷெல்' கணக்கு. தொலைபேசி வழியே தொலைவிலுள்ள ஒரு யூனிக்ஸ் கணிப்பொறியில் நுழைந்து, படமில்லாத வெறும் எழுத்துகளாக வலையைப் படிக்க வேண்டும். ஆகவே, லினக்ஸ் வலைக்கு விருந்தாளி அன்று, வீட்டுப் பிள்ளை.

கதவடைத்த காலம்

பிறகு வீட்டுப் பிள்ளைக்கே கதவடைப்பு நேர்ந்தது எப்படி? 1995-இல் மைக்ரோசாஃப்ட் 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்' உலாவியை வெளியிட்டு, பின்னர் அதை விண்டோஸுடனேயே சேர்த்து வழங்கியது. 2000-ஐ அடுத்த ஆண்டுகளில் உலகில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதையே பயன்படுத்தினர். பக்கம் அமைத்தோர் பலர் அந்த ஓர் உலாவியில் மட்டும் சரிபார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டனர்.

இதனால் இரண்டு வகைத் தடைகள் எழுந்தன. முதலாவது, பெயர் கேட்கும் தடை. ஒவ்வோர் உலாவியும் பக்கத்தைக் கேட்கும்போது தன் பெயரைச் சொல்லும். சில தளங்கள் பெயரைப் பார்த்தே கதவைச் சாத்தின. இதிலே ஒரு வேடிக்கை உண்டு. நெட்ஸ்கேப் உலாவி தன்னை 'மொசில்லா' என்று சொல்லிக்கொண்டது. சில தளங்கள் மொசில்லாவுக்கு மட்டுமே அழகிய பக்கங்களை அனுப்பின. எனவே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் தன்னை மொசில்லா என்றே அறிமுகம் செய்துகொண்டது! இன்றும் ஏறத்தாழ எல்லா உலாவிகளும் தம் பெயரை 'மொசில்லா' என்றே தொடங்குகின்றன.

இரண்டாவது, 'ஆக்டிவ்-எக்ஸ்' என்னும் தடை. இது விண்டோஸில் மட்டுமே இயங்கும் சிறு நிரல். தென் கொரியாவில் வங்கிப் பணிகளும் அரசுப் பணிகளும் பல ஆண்டுகள் இதை நம்பியே நடந்தன. ஆகவே லினக்ஸ் வைத்திருந்தவர்களால் வீட்டிலிருந்து பணம் செலுத்தவும் இயலவில்லை. அந்த நிலைக்கு அடிப்படையான சான்றிதழ் முறையின் தனியுரிமை 2020 டிசம்பரில்தான் நீங்கியது.

தமிழ்ப் பக்கங்களின் கதை

தமிழுக்கு வேறோர் இடையூறும் இருந்தது. 1990-களில் ஒவ்வொரு தமிழ் இதழின் தளமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பதில் ஒற்றுமை இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாடு டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளைப் பரிந்துரைத்தது. வேறு முறைகளும் உடன் வழங்கின. எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்பும் ஏற்பாடு ஒன்று இருந்தது; ஆனால் பல தளங்கள் பயன்படுத்திய வடிவம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மட்டுமே புரியும். லினக்ஸில் அந்தப் பக்கம் வந்து சேரும், தமிழ் வராது. புள்ளியும் கோடுமாகப் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகள் திரையை நிரப்பும்.

உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான யூனிகோட் முறை 1991-இலேயே தமிழுக்கும் இடம் தந்தது. அதற்கும் உலாவியின் ஒத்துழைப்பு வேண்டும். 'கோ' என்பதைப் பாருங்கள். கணிப்பொறியின் நினைவில் 'க' முதலிலும் அதன் உயிர்க்குறி அடுத்தும் இருக்கும். திரையிலோ இரட்டைக்கொம்பு முன்னும் கால் பின்னும் வரவேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் 'பாங்கோ' போன்ற மென்பொருள்கள் 2000-க்குப் பின்னரே லினக்ஸில் முதிர்ச்சி பெற்றன. 2010 ஜூன் மாதத்தில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த நாள்களில், தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது.

கதவு மீண்டும் திறந்தது

1998 மார்ச் 31 அன்று நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூலநிரலை உலகுக்குத் திறந்துவிட்டது. அதன் வழியில் 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் பிறந்தது. அது விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே வகையாக இயங்கியது. தமிழகத்தில் எல்காட் நிறுவனம் 2007 வாக்கில், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றியது. பின்னர் கைப்பேசிகள் பெருகின. ஆண்ட்ராய்டின் கருவும் லினக்ஸ்தான். ஓர் உலாவிக்கு மட்டும் பக்கம் அமைப்பது இனிக் கட்டுப்படியாகாது என்றாயிற்று. 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் தானே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஓய்வு கொடுத்துவிட்டது.

இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? பக்கம் வருவது ஓர் உடன்பாட்டின்படி. பக்கத்தை எழுதுபவர், அனுப்பும் கணிப்பொறி, பெறும் உலாவி ஆகிய மூவரில் யார் உடன்பாட்டை மீறினாலும் பக்கம் நின்றுவிடும். லினக்ஸ் பெரும்பாலும் சாட்சிதான், குற்றவாளி அன்று.

நீங்களே சோதியுங்கள்

பழைய மடிக்கணினி ஒன்றில் பக்கம் திறக்கவில்லையா? பேருந்தைத் தேடுவது போல, வழியில் எங்கே நின்றது என்று படிப்படியாகப் பாருங்கள்.

முதலில், வேறு தளங்கள் திறக்கின்றனவா? அதே தளம் கைப்பேசியில் திறக்கின்றதா? எங்குமே திறக்காவிட்டால் பழுது தளத்தில்தான்; காத்திருங்கள்.

அடுத்து, கணிப்பொறியின் தேதியைப் பாருங்கள். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் காட்டும். அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உள்ளேயுள்ள சிறு மின்கலம் தீர்ந்து கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய்விட்டால், சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று உலாவி எண்ணிவிடும்! தேதியைத் திருத்தினாலே போதும்.

மூன்றாவது, முகவரி. தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாட்டை 1983-இல் பால் மொகபெட்ரிஸ் வகுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் மைக் மூஸ் 'பிங்' என்னும் சோதனை நிரலை எழுதினார். லினக்ஸில் இன்றும் அது உண்டு. பிங் என்று எழுதி 8.8.8.8 என்ற எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். எண்ணுக்கு விடை வந்து, தளத்தின் பெயரை எண்ணாக மாற்ற முடியவில்லை என்று வந்தால், சாலை நன்றாக இருக்கின்றது, பெயர்ப்பலகைதான் பழுது. அமைப்பில் பெயர்ச் சேவையை மாற்றினால் சரியாகும்.

நான்காவது, உலாவியின் வயது. மறைகுறியீட்டு உடன்பாட்டின் 1.2 பதிப்பை ஃபயர்பாக்ஸ் இயல்பாகப் பேசத் தொடங்கியது 2014 பிப்ரவரியில். அதற்கு முந்தைய முறைகளை உலாவிகளும் தளங்களும் 2020-ஐ ஒட்டிக் கைவிட்டன. ஆகவே 2011-ஆம் ஆண்டு உலாவி இன்றைய தளங்கள் பலவற்றோடு பேசவே இயலாது. மேலும் 2021 செப்டம்பர் 30 அன்று, எண்ணற்ற தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியாயிற்று. புதுப்பிக்கப்படாத கருவிகள் பல அன்று திகைத்து நின்றன. மருந்து ஒன்றே: உலாவியையும் இயக்குதளத்தையும் புதுப்பிப்பது. லினக்ஸில் இதற்குக் காசு செலவில்லை.

ஓர் எச்சரிக்கை: சான்றிதழ் சரியில்லை என்று உலாவி சொல்லும்போது, அதை மீறி உள்ளே போய்க் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். அது தடையன்று, காவல்.

பேருந்து வராதபோது நிழற்குடையை இடிப்பதில்லை அல்லவா? கணினியைப் பரணில் போடுமுன் இந்த நான்கு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பரணுக்குப் போக வேண்டியது கணினியன்று, பழைய உலாவிதான் என்பது விளங்கும்.