நள்ளிரவில் வரும் கரப்பான்

கத்தரிக்காய், கருவாடு, இறால் இவற்றையெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்கள் ‘கரப்பான் பண்டம்’ என்று ஒதுக்கி வைப்பார்கள். உடம்பில் சொறி, சிரங்கு இருப்பவர் இலையில் அவை விழாது. ‘எனக்கு இது ஒத்துக்காது’ என்று ஒருவர் சொன்னால், அந்த உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் ஆராயவில்லை; பரிமாறாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

ஆராய்ச்சி தொடங்கியது ஒரு கப்பலில். 1901-ல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் சென்ற சார்ல் ரிஷே, போல் போர்த்தியே என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள் கடல் உயிரிகளின் நஞ்சை ஆராய்ந்தார்கள். பாரிஸ் திரும்பியதும் கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியில் நன்றாகவே இருந்தது. 22 நாள் கழித்து மறுபடி கொஞ்சம் கொடுத்ததும் 25 நிமிடத்தில் செத்தது. பழகப் பழகத் தாங்கும் சக்தி வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது தலைகீழ்ப் பாடம். இதற்கு ‘அனஃபிலாக்சிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ரிஷேவுக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. ‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906-ல் உருவாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே. பிறகு 1966-ல் அமெரிக்காவின் டென்வரில் இஷிசாகா தம்பதியர், இந்தக் கலாட்டாவுக்கெல்லாம் காரணமான ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைக் கண்டார்கள்.

இதற்குள் மருத்துவர்களுக்கு ஒரு சூத்திரம் மனப்பாடமாகிவிட்டது: உணவு ஒவ்வாமை என்றால் காரணம் ஏதோ ஒரு புரதம்; சாப்பிட்ட சில நிமிடங்களில், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பெரும்பாலும் சரியான சூத்திரம்தான். ஆனால் இரவு சாப்பிட்டுவிட்டு நள்ளிரவில் தடிப்பும் மூச்சுத்திணறலுமாக எழுந்தவர்கள் இதற்குள் அடங்கவில்லை. ‘நேற்றுவரை சாப்பிட்ட அதே கறிதானே?’ என்று கேட்டு, மனக்கவலை என்றோ புதுச் சோப்பு என்றோ சொல்லி அனுப்பப்பட்டார்கள்.

முடிச்சு அவிழ்ந்தது ஒரு புற்றுநோய் மருந்தால். செடுக்சிமாப் என்ற மருந்து 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதல் முறை ஏற்றும்போதே சிலர் மயங்கி விழுந்தார்கள். விசித்திரம் என்னவென்றால், டென்னசி, வட கரோலினா பக்கம் நூற்றுக்கு இருபதுக்கும் மேல். மற்ற பல இடங்களில் மிகக் குறைவு. ஒரே மருந்துக்கு ஊருக்கு ஊர் வேறு குணமா? வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர் 2008-ல் விடை சொன்னார்கள். அந்த நோயாளிகளின் ரத்தத்தில், மருந்து ஏறும் முன்பே, ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரைக்கு எதிரான ஐஜிஇ இருந்தது. புரதமல்ல, சர்க்கரை! ஆடு, மாடு, பன்றி எல்லாவற்றின் உடம்பிலும் அது உண்டு. மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் கிடையாது. மருந்து எலியின் செல்லில் தயாரானதால் அதிலும் இருந்தது. மறு ஆண்டே அதே குழு, கறி தின்று மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்து அவதிப்பட்ட 24 பேரைப் பற்றி எழுதியது.

சரி, இந்த எதிர்ப்பொருள் எப்படி வந்தது? உண்ணிக் கடியால். சிட்னியில் ஷெரில் வான் நியூனென் என்ற மருத்துவர், கறி ஒத்துக்கொள்ளாத தன் நோயாளிகள் அநேகமாக எல்லோருமே உண்ணியிடம் கடிபட்டவர்கள் என்று 2007-லேயே சொல்லியிருந்தார். அமெரிக்காவில் குற்றவாளி ‘லோன் ஸ்டார்’ உண்ணி. பெண் உண்ணியின் முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். பிளாட்ஸ்-மில்ஸே மலைப்பாதையில் நடந்து உண்ணிக் கடி வாங்கினார். பிறகு இங்கிலாந்தில் ஒரு மாலை ஆட்டுக்கறி சாப்பிட்டார். நள்ளிரவில் தடிப்பு! தன் ரத்தத்தில் ஐஜிஇ ஏறியதையும் அளந்து வைத்திருந்தார். நல்ல ஆராய்ச்சியாளருக்கு உடம்பும் ஒரு ஆய்வுக்கூடம் போலிருக்கிறது.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது வட கரோலினாவில் மகள் வீட்டில் இருந்தபோது. மாலை நடையில் சேரும் ஓய்வுபெற்ற நண்பர்கள் நாலைந்து பேர். அதில் மதுரைக்காரர் ஒருவர். சனிக்கிழமை தவறாமல் கொல்லைப்புற கிரில் அடுப்பில் ஆட்டுத்தொடை சுடுவார். “சார், எட்டு மணிக்குச் சாப்பிட்டேன். ஒரு மணிக்கு உடம்பெல்லாம் தடிச்சு, உதடு வீங்கிப் போச்சு. ஆட்டுக்கறின்னு சொன்னா டாக்டர் சிரிக்கிறார்” என்றார். மூன்று முறை இப்படி ஆன பிறகு, மருமகள் பத்திரிகையில் படித்ததை வைத்துத் தானே கேட்டு அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்ய வைத்தார். தோட்ட வேலையில் உண்ணி கடித்தது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்ததாம். மருத்துவரைக் குறை சொல்லியும் பயனில்லை. 2022-ல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சுமார் 1,500 மருத்துவப் பணியாளர்களைக் கேட்டதில் 42 சதவீதம் பேர் இந்த நோயைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். 2010 முதல் 2022 வரை அங்கே இந்த நோய் இருக்கலாம் என்று கணக்கில் வந்தவர்களோ ஒரு லட்சத்துக்கும் மேல்.

தாமதத்துக்குக் காரணம் கொழுப்பு என்று கருதுகிறார்கள். கொழுப்பு செரித்து ரத்தத்தில் கலக்க மணிக்கணக்காகும். சர்க்கரையும் அதோடு சவாரி செய்கிறது. கோழிக்கும் மீனுக்கும் ஆல்ஃபா-கேல் கிடையாது என்பது நண்பருக்கு ஆறுதல். ஆனால் ஆடு சுட்ட அதே கம்பியில் கோழியை வைத்தால், கம்பியில் ஒட்டிய கொழுப்பு கோழியில் ஏறும். அதனால் இப்போது அவர் வீட்டில் இரண்டு கிரில் அடுப்பு.

ஹோட்டல்தான் கஷ்டம். அமெரிக்கச் சட்டம் 2004-ல் எட்டு ஒவ்வாமைப் பொருள்களைப் பொட்டலத்தில் குறிப்பிடச் சொன்னது. 2023 முதல் எள் ஒன்பதாவது. பிரிட்டனில், ரொட்டி மாவில் கலந்திருந்த எள்ளால் நடாஷா என்ற 15 வயதுப் பெண் 2016-ல் இறந்த பிறகே, கடையிலேயே முன்கூட்டிக் கட்டி வைத்து விற்கும் உணவிலும் முழுப் பட்டியல் ஒட்ட வேண்டும் என்ற சட்டம் 2021-ல் அமலுக்கு வந்தது. ஆல்ஃபா-கேல் அமெரிக்காவின் ஒன்பதில் இல்லை. ஆகவே நண்பர் சர்வரிடம் ஒவ்வொன்றாக விசாரிப்பார்: பீன்ஸில் பன்றிக் கொழுப்பு உண்டா, கோழி சாசேஜின் மேல்தோல் எதனால் ஆனது, இனிப்பில் ஜெலட்டின் உண்டா, கோழி பிரியாணிக்கும் ஆட்டு பிரியாணிக்கும் ஒரே கரண்டியா. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் கேட்டு முடித்துவிட்டுத்தான் நகர்வார்.

மறுபடி உண்ணி கடிக்காமல் இருந்தால் சிலருக்கு ஆண்டுகள் போகப்போக இந்த எதிர்ப்பொருள் குறைகிறதாம். போன மாதம் போனில் பேசியபோது, அடுத்த ரத்தப் பரிசோதனைக்குத் தேதி வாங்கியிருப்பதாகச் சொன்னார்.