மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார்

பேஸ் கிட்டார் என்பது தாழ்ந்த சுரங்களை வாசிப்பதற்கென்றே அமைந்த, பெரும்பாலும் நான்கு தந்திகள் கொண்ட மின் கிட்டார். தமிழ்நாட்டில் இது திரையிசை வழியாகப் பரவி, பின்னர் ஊர்தோறும் உருவான மெல்லிசைக் குழுக்களில் இடம்பிடித்தது. திருநாவலூர், உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி வட்டாரத்தில் தேர்த் திருவிழா என்றாலும் காதணி விழா என்றாலும் "ஆர்க்கெஸ்ட்ரா உண்டா?" என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. அந்த மேடைகளில் பாடகருக்கும் டிரம்ஸ்காரருக்கும் கைதட்டல் கிடைக்கும். ஓரத்தில் நின்று பேஸ் வாசித்தவரை யாரும் கவனித்ததில்லை. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் வாசித்தவர்கள் அவர்களில் பலர். அவர்கள் கருவியைப் பெற்ற விதம், பழகிய விதம், மேடையை விட்டு இறங்க நேர்ந்த விதம் ஆகியவை பற்றியது இக்கட்டுரை.

தாழ்சுரமும் நம் மரபும்

நம் இசையில் தாழ்ந்த ஒலிக்கு என்றும் இடம் உண்டு. தம்புராவின் கடைசித் தந்தி மந்தர ஷட்ஜம். மிருதங்கம், தவில் இரண்டிலும் தொப்பி என்னும் இடப்பக்கம் தாழ்ந்து ஒலிக்கும். ஆனால் இவை சுருதிக்கும் தாளத்துக்கும் உரியவை. மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டாக நடந்துபோகும் தாழ்சுரம் நம் கச்சேரி மரபில் இல்லை. கோவில் மேளம் கேட்டு வளர்ந்த ஒருவர் பேஸ் கிட்டாரை எடுத்தால், பாட்டு முழுவதும் 'ச'வையே மீட்டிக்கொண்டிருக்கத் தோன்றும். பாடுபவர் ஒரே சுரத்தில் நிற்கும்போதும் கீழே பேஸ் நகர்ந்தால் அந்தச் சுரத்தின் குணமே மாறிவிடும் என்பது புதிய பாடம். அதை முன்பே அறிந்திருந்தவர்கள் தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவர்கள். நான்கு குரல் பிரித்துப் பாடும் பழக்கத்தில் 'பேஸ்' என்பது ஆண்களின் தாழ்ந்த குரலுக்குரிய தனிப் பகுதி.

கருவியின் வரவு

மின் பேஸ் கிட்டார் அமெரிக்காவில் பிறந்தது. சியாட்டில் நகரத்தின் பால் டுட்மார்க் 1930-களிலேயே ஒன்றைச் செய்துவிட்டார். ஆனால் பரவலாக விற்ற முதல் கருவி 1951-இல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ். அதற்கு முன்பு ஆளுயர டபுள் பேஸ்தான் இந்த வேலையைச் செய்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. ஃபெண்டர் அதைத் தோளில் மாட்டும் அளவுக்குச் சுருக்கினார். கழுத்தில் மெட்டுக்கம்பிகள் (ஃப்ரெட்) இருந்ததால் சுரம் பிசகும் அச்சமும் குறைந்தது.

தமிழ்க் காதுகளுக்கு இதன் ஒலியைப் பழக்கியவர் இளையராஜா. 1968-இல் சென்னை வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, 1976-இல் 'அன்னக்கிளி' வழியாக அறிமுகமான அவர், பேஸுக்கெனத் தனி மெட்டுகளை எழுதினார். அவருடைய பாடல்கள் பலவற்றுக்கு பேஸ் வாசித்தவர் சசிதரன். 'மூடுபனி' (1980) படத்தில் ஜேசுதாஸ் பாடிய கிட்டார் பாடல் இன்றும் பேஸ் பழகுபவர்கள் தங்களைச் சோதித்துப் பார்க்கும் பாடல். அடுத்த தலைமுறையில் ஏ. ஆர். ரகுமானின் பதிவுகளில் கீத் பீட்டர்ஸ் வாசித்தார்.

கேட்காத கருவி

கிராம மேடையில் பேஸ் வாசித்தவருக்கு நேர்ந்த முதல் சோதனை, அவர் வாசித்தது யாருக்கும் கேட்கவில்லை என்பதே. காரணம் அவருடைய விரல் அல்ல, மைக்செட்.

பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகள் இ, ஏ, டி, ஜி. அவற்றின் அதிர்வெண்கள் ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் மேல். பள்ளியில் ஒலியியல் நடத்தும்போது, "நம் வகுப்பறையைவிட நீளமான அலை" என்று நான் சொல்வதுண்டு. பிள்ளைகள் சுவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். தென்னை மரத்திலும் மூங்கில் கம்பத்திலும் கட்டிய குழாய் ஒலிபெருக்கியின் வாய் அரை மீட்டர் அளவுதான். அதனால் அவ்வளவு பெரிய அலையைத் தள்ள முடியாது. பேச்சும் பாட்டும் இரண்டு கிலோமீட்டர் தாண்டிக் கேட்கும். சுமார் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் குழாயிலேயே செத்துவிடும்.

ஆனாலும் முழுதும் வீணாகவில்லை. ஒரு தந்தியை மீட்டினால் அடிப்படை அதிர்வோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு என மேல் அதிர்வுகளும் எழும். அடிப்படை அதிர்வு வராவிட்டாலும் மேல் அதிர்வுகளைக் கொண்டு மனிதக் காது அதை ஊகித்துக்கொள்ளும். அதனால் விரலை விட்டுப் பிளெக்ட்ரத்தால் மீட்டுவதும், பிரிட்ஜ் பக்கம் நகர்ந்து வாசிப்பதும் பலன் தரும். ஒலி கரகரப்பாக இருக்கும், ஆனால் கூட்டத்தின் கடைசி வரை போகும். நயமாக வாசிப்பதா, கேட்கும்படி வாசிப்பதா என்னும் இந்தத் தெரிவு நகரத்து ஒலிப்பதிவுக் கலைஞருக்கு வந்ததில்லை. பெட்டி ஒலிபெருக்கிகள் மேடைக்கு இருபுறமும் அடுக்கப்பட்ட பிறகுதான் ஊர்க்காரர்கள் பேஸை நெஞ்சில் உணர்ந்தார்கள்.

தந்தியும் மின்சாரமும்

1991-க்கு முன் வெளிநாட்டுக் கருவிகளுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கவரியும் கடுமை. கிப்டோன், கிவ்சன் போன்ற கொல்கத்தாத் தயாரிப்புகளே கைக்கு எட்டியவை. நல்ல தந்தி வாங்க வேண்டுமானால் சென்னைக்குத்தான் போக வேண்டும். அண்ணாசாலை மியூசி மியூசிக்கல் கடை 1842-இல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கியது. இங்கிருந்து பேருந்தில் போய்வர ஒரு நாள் போய்விடும். பேஸ் தந்தி தடிமனானது, எளிதில் அறுவதில்லை, ஆனால் வியர்வையும் அழுக்கும் ஏறி மங்கிவிடும். அதைக் கழற்றிக் கொதிநீரில் போட்டு, துடைத்து உலர்த்தி மறுபடி மாட்டினால் சில நாள் பளிச்சென்று ஒலிக்கும். உலகெங்கும் காசில்லாத பேஸ் கலைஞர்கள் செய்வது இது. அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனத்துப் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனோ தந்தி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்பார்கள். மங்கிய ஒலியையே அவர் தன் அடையாளமாக்கிக்கொண்டார்.

மின்சாரம் இன்னொரு கதை. நம் மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ். இ தந்தியின் மூன்றாம் கட்டத்தில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத மேடையில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் அந்தச் சுரத்தோடு உரசி அலையலையாகத் துடிக்கும். இரைச்சலைவிட ஆபத்தானது ஷாக். கிட்டாரின் தந்தி ஆம்ப்ளிஃபையரின் உடலோடு இணைந்தது. தந்தியில் கை வைத்தபடி, வேறு இணைப்பிலிருந்து வரும் மைக்கை உதட்டால் தொட்டால், உடம்பு வழியாக மின்சாரம் பாயலாம். மைக்கின் மேல் பஞ்சு உறையோ கைக்குட்டையோ சுற்றுவது எச்சிலுக்காக மட்டுமல்ல. ஆனால் அது அரைப் பாதுகாப்புதான். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து, எர்த் உள்ள மூன்று முள் பிளக்கில் மின்சாரம் எடுப்பதுதான் முறை. மழைக்கால மேடையில் இதைச் சொல்லிச் சண்டை போடத் தயங்கக் கூடாது.

ஒத்திகை

நோட்டேஷன் படிக்கத் தெரிந்தவர் சிலரே. மற்றவர்களுக்கு ஆசிரியர், கேசட். டேப் ரெக்கார்டரின் சிறிய ஒலிபெருக்கியில் பேஸ் ஏறக்குறைய இருக்காது. ஹெட்போன் கிடைத்தவர் பாக்கியசாலி. நாலு விநாடியைக் கேட்டு, ரீவைண்ட் செய்து, மறுபடி கேட்டு, ஒரு பாட்டின் பல்லவிக்கே ஒரு மாலை ஆகும். பாட்டரி இறங்கினாலோ பட்டை (பெல்ட்) தளர்ந்தாலோ நாடா மெதுவாக ஓடி சுருதி கீழே போய்விடும். அப்போது நாடாவுக்கேற்ப கிட்டாரைச் சுருதி சேர்த்துப் பழகுவார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை கூட்டு ஒத்திகையில் ஆர்மோனியத்தோடு அது ஒட்டாது.

கூட்டு ஒத்திகை பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில். ஆம்ப்ளிஃபையரைச் சத்தமாக வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். குறைத்தால் டிரம்ஸில் பேஸ் மூழ்கிவிடும். இரண்டுக்கும் இடையில் தீர்வு, டிரம்ஸ்காரரின் வலக்காலைப் பார்த்துக்கொண்டே வாசிப்பது. கிக் டிரம் விழும் நேரமும் பேஸ் விழும் நேரமும் ஒன்றானால் குழு முழுவதும் நிமிர்ந்துவிடும். அது கூடாவிட்டால் பாடகர் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் ஆட்டம் காணும். ஒத்திகையில் பேஸும் டிரம்ஸும் மட்டும் தனியாக அரைமணி நேரம் வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. பாடகர்கள் அதற்குள் காபி குடித்துவிட்டு வரலாம்.

மேடையில் வந்து நிற்கும் புதுப் பாடகர், "தம்பி, ஒரு கட்டை இறக்கிக்கோ" என்பார். முதல் கிட்டாருக்குக் கேப்போ என்னும் கவ்வி உண்டு. பேஸ்காரர் ஒவ்வொரு சுரத்தையும் மனதுக்குள் நகர்த்த வேண்டும். இ தந்தியைத் திறந்து மீட்டிய பாட்டை அரைக்கட்டை இறக்கினால் அந்தத் தந்தியில் சுரமே இல்லை; மேல் ஸ்தாயிக்குப் போனால் பாட்டு மெலிந்துவிடும்.

கீபோர்டு வந்த பின்

1980-இல் கேசியோ தன் முதல் மின்னணுக் கீபோர்டை வெளியிட்டது. இந்தப் பக்கத்தில் எந்த நிறுவனத்துக் கீபோர்டும் 'கேசியோ'தான். இடக்கையால் ஒரு கார்டைப் பிடித்தால் தாளத்தோடு பேஸும் தானே ஓடும் கீபோர்டுகள் 1990-களில் பரவியபோது, குழுத் தலைவருக்குக் கணக்கு எளிதாயிற்று. வேனில் ஒரு இடம், சாப்பாட்டில் ஒரு இலை, சம்பளத்தில் ஒரு பங்கு மிச்சம். முதலில் இறக்கப்பட்டவர் பேஸ்காரர். கேட்பவர்களில் பலருக்கு வித்தியாசம் தெரியவும் இல்லை. பிறகு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுத்தன. 2005-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. தூங்க வேண்டியவர்களுக்கு அது நியாயமான விதி. ஆனால் விடிய விடிய நடந்த கச்சேரி மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. இன்று பாடகரும் பதிவுசெய்த டிராக்கும் மட்டுமே கொண்ட மேடைகள் உண்டு.

பெயர்கள்

அமெரிக்காவிலும் மோட்டவுன் தன் வாத்தியக் கலைஞர்களின் பெயரை நெடுங்காலம் உறையில் அச்சிடவில்லை. மார்வின் கேயின் 1971 இசைத்தட்டில்தான் ஜேமர்சன் பெயர் வந்தது. தமிழ்த் திரையிசையில் ரகுமானின் கேசட், குறுந்தட்டு உறைகள் வாத்தியக்காரர் பெயரைப் பார்க்கும் பழக்கத்தை நமக்குத் தந்தன. ஊர்க் குழுக்களுக்கு உறை ஏது? திருவிழா நோட்டீசில் குழுவின் பெயர், பாடகர் பெயர், நன்கொடையாளர் பெயர், மைக்செட் பெயர்கூட இருக்கும். பேஸ் வாசித்தவர் பெயர் இராது. அது கிடைக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. பாட்டு வரிசை, கட்டை, கார்டு எல்லாம் பேனாவால் எழுதிய நாற்பது பக்க நோட்டுகளை பேஸ்காரர்கள் வைத்திருந்தார்கள். முதல் பக்கத்தில் பெயரும் ஊரும் எழுதுவது பள்ளிப் பழக்கம். பழைய காகிதக் கடைக்குப் போகாமல் தப்பிய நோட்டுகள் சில வீடுகளில் பரண்மேல் இன்னும் இருக்கின்றன.